தம்பி தோற்ற அன்று

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கதை மறுபடியும் வந்தது. சின்னம்மா அனுப்பியிருந்தார். சியாட்டில் நகரத்தில் ஓட்டப்பந்தயம். ஒன்பது பிள்ளைகள், எல்லோருக்கும் அறிவு வளர்ச்சியில் குறைபாடு. ஓடும்போது ஒரு பையன் தடுக்கி விழுந்து அழுகிறான். சத்தம் கேட்டு மற்ற எட்டுப் பேரும் திரும்பி வருகிறார்கள், அவனைத் தூக்கிவிடுகிறார்கள், ஒன்பது பேரும் கைகோத்து நடந்து ஒன்றாகக் கோட்டைத் தாண்டுகிறார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது. ஹைதராபாத்தில் நடந்ததாகவும் இதே கதை சுற்றுகிறது. ஊர் மாறும், கண்ணீர் மாறாது.

இதன் வேர் 1976-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் நடந்த ஒரு போட்டி. அதில் ஒருவர் விழுந்தது உண்மை. ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போய் அவரைத் தூக்கிவிட்டு, அவரோடு சேர்ந்து கோட்டைத் தாண்டியதும் உண்மை. மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பந்தயம் அல்லவா, ஓடத்தானே வந்தார்கள்.

கதையிலிருந்து காணாமல் போன அந்த மற்றவர்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் என் தம்பி அவர்கள் கட்சி. அவன் நிற்க மாட்டான். ஜெயிக்க வேண்டும் என்று ஓடுவான். அதில் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை விழுந்தால் முதலில் ஓடிப்போய்த் தூக்குகிறவனும் அவன்தான். தெருவுக்கு ஒரு நியாயம், டிராக்குக்கு ஒரு நியாயம். அந்த வித்தியாசம் அவனுக்கு நன்றாகவே தெரியும்.

சின்னம்மா அன்பானவர். தம்பியை நினைத்துத்தான் அதை அனுப்புகிறார். அதனால் குழுவில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தம்பி 1989-ல் பிறந்தான். டவுன் சிண்ட்ரோம். 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. அன்றைக்கு டாக்டர் அப்படியெல்லாம் விளக்கவில்லை. ‘மந்தமா இருப்பான்மா, பாத்துக்கோங்க’ என்று அனுப்பிவிட்டார்களாம். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஏதாவது கோளாறு இருக்கும். தம்பிக்கும் சின்ன ஓட்டை ஒன்று இருந்தது. அது தானாகவே மூடிக்கொண்டது. அம்மாவின் பயம் மட்டும் மூடவில்லை. ‘ஓடாத, மூச்சு வாங்கும்.’ ‘ஏறாத, விழுந்துருவ.’ ‘இரு, நான் எடுத்துத் தாரேன்.’ அவன் குழந்தைப் பருவம் முழுக்க இந்த மூன்று வாக்கியத்துக்குள் அடக்கம். உட்கார வைத்தே வளர்த்தோம். பதினைந்து வயதில் நல்ல எடை. நாலு படி ஏறினாலே உண்மையாகவே மூச்சு வாங்கியது. ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ என்பார் அம்மா.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில். சாயங்காலமானால் தெருவில் கிரிக்கெட். பிள்ளைகள் தம்பியை விரட்டவில்லை. நல்ல பிள்ளைகள், சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எப்படி என்றால், ஒப்புக்குச் சப்பாணியாக.

இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்காது. எங்கள் தெருவில் உப்புக்குச் சப்பாணி என்பார்கள். சின்னப் பிள்ளை ஆட்டத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தால், சேர்த்த மாதிரி சேர்த்துக்கொள்வது. அது எந்த அணியிலும் இல்லை. அடித்தால் ரன் கிடையாது, பிடித்தால் அவுட் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் ஆறு வயதில் அப்படி இருந்துவிட்டு, ஏழு வயதில் ஆட்டத்துக்குள் வந்துவிடும். நானும் அப்படித்தான் வந்தேன். தம்பி இருபது வயது வரை அப்படியே இருந்தான். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்தத் தெருவில் ஆடி, வளர்ந்து, வேலைக்குப் போய்விட்டார்கள். அவன் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். அந்தச் சொல்லுக்குள் சப்பாணி என்று ஒரு மாற்றுத்திறனாளி உட்கார்ந்திருக்கிறார் என்பதே எனக்கு முப்பது வயதில்தான் உறைத்தது. எத்தனை காலமாக நடந்திருந்தால் அது பழமொழி ஆகியிருக்கும்!

வீட்டிலும் அதேதான். கேரம் ஆடினால் அப்பா வேண்டுமென்றே சிவப்பை விட்டுக்கொடுப்பார். தாயம் ஆடினால் அவன் காய் வெட்டுப்படாது. நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். அவனும் எங்களோடு சேர்ந்து தட்டுவான். அவன் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு. இப்போது யோசித்தால், ஆட்டம் முடிவதற்கு முன்பே அவன் எழுந்து போனதுதான் அதிகம்.

அவன் படித்த சிறப்புப் பள்ளியின் விளையாட்டு விழா ஒன்று. ஓட்டம் வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையும் இருபது வயதுப் பையனும் ஒரே வரிசையில். தம்பி முதலில் வந்தான். பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான், மூடினான், பக்கத்துப் பையனுடையதையும் திறந்து பார்த்தான். அப்புறம் என்னிடம் கேட்டான்: ‘யக்கா, எனக்கு எது?’ ‘இதாம்ல, ஒனக்குத்தான்’ என்றேன். அவன் கேட்டது அதுவல்ல என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

2012 கடைசியில் பள்ளிக்குப் புதிதாக ஒரு விளையாட்டு ஆசிரியர் வந்தார். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர்தான் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்ற பெயரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே நடக்கும் விளையாட்டுப் போட்டி. அதற்கு முன்னால் அதையும் பாராலிம்பிக்ஸையும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். பலரும் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2016-ல் மாரியப்பன் தங்கவேலு ரியோவில் தங்கம் வாங்கியபோது, தெருவில் நாலு பேராவது ‘ஒங்க தம்பியும் இப்படிப் போலாமே’ என்று நல்ல மனதோடு கேட்டார்கள். பாராலிம்பிக்ஸ் மாற்றுத்திறனாளி வீரர்களில் உச்சத்தில் இருப்பவர்களுக்கானது. அதிலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இடம் மிகக் கொஞ்சம். 2000-ல் சிட்னியில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்கு எந்தக் குறைபாடுமே இல்லை என்று பிறகு தெரியவந்தது. யாரோ செய்த அந்த மோசடிக்கு, உண்மையான குறைபாடு உள்ளவர்கள் 2012 லண்டன் வரை வெளியே நிற்க வேண்டியிருந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வேறு வகை. எட்டு வயதில் போட்டிக்கு வரலாம், மேலே வயது வரம்பே கிடையாது. வேகமாக ஓடுகிறவருக்கும் இடம் உண்டு, இருபத்தைந்து மீட்டர் நடக்கிறவருக்கும் இடம் உண்டு. அப்படியென்றால் டிபன் பாக்ஸ் கதைதானே என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார்.

‘உங்க தம்பிய நல்லா ஓடுறவன்கூட விட்டா, அவன் தோக்கிறது ஓட்டத்துல இல்ல, பொறப்புல. நடக்க முடியாத பிள்ளைகூட விட்டா, அவன் ஜெயிக்கிறதுக்கும் அர்த்தம் இல்ல. அவன மாதிரியே ஓடுற நாலு பேரத் தேடிப் பிடிச்சு அவங்களோட விடணும். இந்தப் போட்டில பாதி வேலை அதுதான்.’

இதை டிவிஷனிங் என்கிறார்கள். ஆண், பெண் தனித்தனி. அப்புறம் வயது வாரியாக. அப்புறம் திறமை. முதல் சுற்றில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் எடுப்பார்கள். நேரம் நெருங்கி வருபவர்களைச் சேர்த்து, மூன்று பேருக்குக் குறையாமல் எட்டுப் பேருக்கு மிகாமல் ஒரு பிரிவு. ஒரு பிரிவுக்குள் முந்துகிறவருக்கும் பிந்துகிறவருக்கும் உள்ள வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி. கணக்குப் போட்டுத்தான் சமம் ஆக்குகிறார்கள். சில பயிற்சியாளர்கள் புத்திசாலித்தனமாக, முதல் சுற்றில் பிள்ளையை மெதுவாக ஓடச்சொல்லிச் சுலபமான பிரிவில் போடப் பார்ப்பார்கள் அல்லவா? அதற்கும் விதி உண்டு. முதல் சுற்றைவிட இறுதியில் 15 சதவீதத்துக்கு மேல் வேகம் காட்டினால் தகுதி நீக்கம். இரண்டு முறையும் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். இந்த விதியைக் கேட்டபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. ஏமாற்றுவதற்கு எதிராக விதி போட்டிருக்கிறார்கள் என்றால், இதை விளையாட்டாக நினைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அம்மா ஒரு மாதம் சம்மதிக்கவில்லை. மாஸ்டர் முதலில் கேட்டது கழுத்து எக்ஸ்ரே. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புக்கு நடுவே பிடிமானம் தளர்ந்து இருக்குமாம். குட்டிக்கரணம், டைவ் மாதிரி கழுத்தை மடக்கும் விளையாட்டில் ஆபத்து. இருபத்து மூன்று வருடத்தில் எங்களுக்கு எந்த டாக்டரும் சொல்லாத விஷயம். வண்ணார்பேட்டையில் ஒரு லேபில் எக்ஸ்ரே எடுத்தோம். சரியாக இருந்தது. இதய டாக்டரும் கையெழுத்துப் போட்டார். இரண்டு காகிதத்தையும் அம்மா பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, ‘சரி, ஓடட்டும்’ என்றார்.

பயிற்சி என்றால் சினிமாவில் வருவது மாதிரி இல்லை. முதல் இரண்டு மாதம் நேராக ஓடுவதற்கே போனது. பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு. தம்பி கோட்டுக்குள் கிளம்புவான், பத்து மீட்டரில் மாஸ்டர் நிற்கும் பக்கம் திரும்பிவிடுவான். அப்புறம் அம்மாவை எல்லைக்கோட்டில் நிறுத்தினோம். முந்தானையை ஆட்டிக்கொண்டு நிற்பார். அப்போதும் கோணல். விசில் ஊதினால் உடனே கிளம்ப மாட்டான். பக்கத்துப் பையன் கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். அவனுக்குப் புரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு மருத்துவ முகாம். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ்காரர்கள் 1997-லிருந்து வீரர்களுக்கு இலவசமாகக் கண், காது, பல், பாதம் எல்லாம் பார்க்கும் திட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். கூட்டிப்போனோம். காதைப் பார்த்த பெண் டார்ச்சை அணைத்துவிட்டு, ‘ரெண்டு காதும் அழுக்கால அடைச்சிருக்கு’ என்றார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் காதுக்குழாய் குறுகல். சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணைப் பார்த்தவர் தூரப் பார்வைக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். பவர் குறைவு என்றும் சொல்ல முடியாது.

மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், அவன் போக்கு அப்படி. படம் பார்த்தால் டிவிக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வான், அவன் பழக்கம் அப்படி. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே காரணத்தைச் சொல்லிச் சொல்லி, காதையும் கண்ணையும் ஒரு தடவை கூடப் பார்க்காமல் விட்டிருக்கிறோம். இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு பிள்ளை உள்ள வீடு இருந்தால், ஓட்டம் கிடக்கட்டும், நாளைக்கே காதைப் பாருங்கள்.

காது சுத்தமான மறுவாரம் விசில் சத்தத்துக்கு அவன் துள்ளிய துள்ளல் இருக்கிறதே! மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு ரப்பர் பட்டை மாட்டிவிட்டோம். ஒரே மாதத்தில் கோட்டுக்குள் ஓடினான்.

மாவட்டப் போட்டி பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில். 2013. 22 முதல் 29 வயது வரை உள்ள ஆண்கள், நூறு மீட்டர். காலையில் முதல் சுற்று. தம்பி 24.8 நொடி. அவனோடு பிரிவில் சேர்த்த நாலு பேரும் 24-லிருந்து 27-க்குள். தொடக்கத்தில் உறுதிமொழி சொல்லச் சொன்னார்கள். ‘என்னை ஜெயிக்க விடுங்கள். ஜெயிக்க முடியாவிட்டால், முயல்வதில் தைரியத்தோடு இருக்க விடுங்கள்.’ தம்பி ‘ஜெயிக்க’ வரைக்கும் சத்தமாகச் சொன்னான். மீதிக்கு வாயை மூடிக்கொண்டான்.

மதியம் இறுதிச் சுற்று. விசிலுக்குச் சரியாகக் கிளம்பினான். நேராக ஓடினான். எழுபது மீட்டர் வரை இரண்டாவது. அதற்கப்புறம் ஒருவன் தாண்டினான், இன்னொருவனும் தாண்டினான். நாலாவது. 25.3.

முதல் மூன்று பேருக்குப் பதக்கம், நாலாவதிலிருந்து எட்டாவது வரை ரிப்பன். மேடை ஏற்றி அவன் சட்டையில் ரிப்பனைக் குத்தினார்கள். அவன் குனிந்து தன் ரிப்பனைப் பார்த்தான். பக்கத்தில் உயரமான படியில் நின்றவன் கழுத்தைப் பார்த்தான். இறங்கி வந்து ரிப்பனைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திட்டினால் அழுவான், ஊசிக்கு அழுவான், அப்பா இறந்தபோது மூன்று நாள் கழித்து அழுதான். இந்த அழுகை அது எதைப் போலவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தொடையில் குத்திக்கொண்டு அழுதான். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணில் மாநில ரேங்க் போனபோது என்னோடு படித்த ஒருத்தி இப்படித்தான் அழுதாள்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. மாஸ்டரிடம் போய், ‘அவனுக்கும் ஒண்ண மாட்டிவிட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க? என்ன தங்கமா அது?’ என்று சத்தம் போட்டார். மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ‘எம்மா, அவன் ஒங்கள மாதிரி எங்கிட்ட வந்து கேக்கலியே. அவனுக்குத் தெரியுது, நாலாவதுன்னு’ என்றார். அம்மா அப்புறம் ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் போனில் இதையெல்லாம் ஆரம்பித்தவர் யார் என்று படித்தேன். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். அதிபர் ஜான் கென்னடியின் தங்கை. அவருக்கு ரோஸ்மேரி என்று ஓர் அக்கா. பிறவியிலேயே அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர். அக்காவும் தங்கையும் சேர்ந்து நீந்துவார்கள், பாய்மரப் படகு விடுவார்கள். 1941-ல், ரோஸ்மேரிக்கு 23 வயதில், அப்பா முடிவெடுத்து மூளையில் அறுவை செய்ய வைத்தார். அதற்கப்புறம் அவரால் சரியாக நடக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. ஆயுள் முழுக்கக் காப்பகம். தங்கை 1962-ல் மேரிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் தொடங்கினார். 1968 ஜூலை 20-ல் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கத்தில் முதல் போட்டி. சுமார் ஆயிரம் வீரர்கள். பார்வையாளர் வரிசை கிட்டத்தட்டக் காலி.

அவருக்குத் தெம்பு கொடுத்தவர்களில் ஒருவர் கனடாவின் ஃபிராங்க் ஹெய்டன். அந்தக் காலத்தில் இந்தப் பிள்ளைகள் உடல் வலு இல்லாமல் இருப்பது பிறவிக் குறை என்றே மருத்துவர்கள் நம்பினார்கள். அவர்களை யாரும் ஓடவிடாததுதான் காரணம் என்று அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஹெய்டன் ஆராய்ந்து சொன்னார். போனை அணைத்துவிட்டு, பாயில் குறட்டை விட்டுத் தூங்கும் தம்பியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ‘ஓடாத, மூச்சு வாங்கும்.’

மறுநாள் அவன் மைதானத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும். மூன்று வாரம். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துக்கொள்வான். முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் என் செருப்பைச் சுட்டிக்காட்டி, ‘அவன் ஷூ’ என்றான்.

‘எவன் ஷூல?’

‘ஃபர்ஸ்ட் வந்தாம்லா. அவன் ஷூ. நான் செருப்பு.’

உண்மை. தம்பி அன்றைக்குப் பட்டை வைத்த ரப்பர் செருப்போடு ஓடினான். முதலில் வந்தவன் நல்ல ஷூ போட்டிருந்தான். மூன்று வாரமாக அவன் முடங்கிக் கிடக்கவில்லை. ஏன் தோற்றோம் என்று யோசித்திருக்கிறான்! யாரும் அதுவரை அவனை ஒரு தோல்விக்குள் விட்டதில்லை என்பதால், அவனால் இப்படி யோசிக்க முடியும் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஷூ வாங்குவது லேசான காரியமாக இல்லை. அவன் பாதம் நீளம் குறைவு, அகலம் அதிகம், தட்டை. நீளத்துக்கு வாங்கினால் விரல் நசுங்கும், அகலத்துக்கு வாங்கினால் முன்னால் மூன்று விரல் இடம் காலி. அதோடு லேஸ் கட்ட வராது, ஒட்டும் பட்டைதான் வேண்டும். அந்தப் பட்டை பெரியவர்கள் ஷூவில் அபூர்வம். ஜங்ஷனிலும் டவுனிலுமாக ஏழு கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் ‘அவருக்கு என்ன சைஸ்?’ என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஏழாவது கடையில் ஒரு பெரியவர் ஸ்டூலைப் போட்டுக் கீழே உட்கார்ந்து, ‘தம்பி, எங்க இறுக்குது?’ என்று அவனிடம் கேட்டார். அங்கேயே வாங்கினோம். தம்பி ஷூவோடு கடைக்குள் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க விட்டான்.

ஷூவால் உடனே ஜெயித்துவிடவில்லை. அடுத்த வருடம் மூன்றாவது. அதற்கடுத்த வருடம் 23.6 நொடியில் இரண்டாவது. வெள்ளி. நூறு மீட்டரில் அவன் தங்கம் வாங்கியதே இல்லை. அந்த வெள்ளியை இன்றும் யாரையும் தொட விடமாட்டான்.

பதக்கக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் இந்திய வீரர்கள் 202 பதக்கம் வாங்கினார்கள்: 76 தங்கம், 75 வெள்ளி, 51 வெண்கலம். பேப்பரில் படித்துவிட்டு ஆபீசில் ஒருவர், ‘எரநூறா? அப்ப எல்லாருக்கும் குடுப்பாங்க போல’ என்றார். பிரிவு நிறைய இருப்பதால் பதக்கமும் நிறைய. அந்த எண்ணிக்கையைத் தலைப்பில் போட்டுப் பெருமைப்படுவதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது என்பது என் எண்ணம். என்னைக் கேட்டால் நேரத்தைப் போட வேண்டும், தூரத்தைப் போட வேண்டும். போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று. ஒருவர் 24.8-லிருந்து 23.6-க்கு வர இரண்டு வருடம் காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார். அது செய்தி இல்லையா?

முப்பது தாண்டியதும் முழங்கால் வலி. மாஸ்டர் ஓட்டத்தை நிறுத்தி அவனை போச்சி விளையாட்டுக்கு மாற்றினார். வீட்டில் வந்து பெயரைச் சொன்னதும் அம்மா பதறி, ‘என்னது போச்சி?’ என்றார். இத்தாலிக்காரர்கள் விளையாட்டு. அறுபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத் தரை. முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டிவிடுவார்கள். அதற்கு யார் பந்து பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கோலிக்குண்டு ஆடியவர்களுக்குக் கை தானாக வரும். பந்து தேங்காய் கனம் இருக்கும். ஓட வேண்டாம், வயது தடையில்லை. வேண்டியது நிதானமும் பார்வையும்தான்.

தம்பிக்கு இது அப்படியே ஒட்டிக்கொண்டது. அளப்பதில் அவனுக்கு ஒரு வெறி. இரண்டு பந்தும் ஒரே தூரம் மாதிரி தெரிந்தால் நடுவர் டேப் வைத்து அளப்பார். அவன் ஒவ்வொரு தடவையும் டேப் கேட்பான். கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்க மாட்டான். ‘டேப் எடுங்க சார்.’ எண்களை அவன் தடுமாறித்தான் படிப்பான். அதனால் முதல் பந்தை அளந்ததும் டேப்பில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வான். அடுத்த பந்துக்கு அளக்கும்போது விரல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

யூனிஃபைட் என்று ஒரு வகை உண்டு. குறைபாடு உள்ளவர் ஒருவர், இல்லாதவர் ஒருவர், ஒரே அணி. இரட்டையரில் ஆளுக்கு இரண்டு பந்து. இரண்டு வருடமாக அவனுக்கு ஜோடி நான். ஆபீஸ் முடிந்து ஓடி வந்து உருட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஒரு போட்டியில் சிறப்பு விருந்தினருக்காக இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிற்க வைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு வலிப்பே வந்துவிட்டது. விருந்தினர் வந்து பத்து நிமிடம் ‘தெய்வக் குழந்தைகள்’ என்று பேசினார். தெய்வத்தை யாராவது வெயிலில் நிறுத்துவார்களா? பதினெட்டு வயது ஆனதும் பள்ளி முடிந்து, வீட்டோடு முடங்கிப் போகிறவர்கள்தான் பெரும்பாலும். போட்டிக்கு வயது வரம்பு இல்லாமல் இருந்து என்ன பயன், கூட்டிவர ஆள் வேண்டுமே. அம்மாக்களுக்கு வயதாகிறது. எங்கள் அம்மாவுக்கு 68. முந்தானை ஆட்ட இப்போது வருவதில்லை.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு சின்னப் போட்டி. யூனிஃபைட் இரட்டையர். எதிரில் தூத்துக்குடியிலிருந்து ஒரு அப்பாவும் மகனும். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரு பக்கமும் சமம். தம்பி இரண்டு பந்தையும் அழகாக உருட்டினான். ஒன்று சின்னப் பந்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றது. கடைசிப் பந்து என்னுடையது. எதிரிப் பந்தைத் தட்டிவிடலாம் என்று கொஞ்சம் தூக்கி எறிந்தேன். அது குதித்துப் போய் எங்கள் பந்தையே இடித்துத் தள்ளிவிட்டது.

‘டேப் எடுங்க சார்’ என்றான் தம்பி.

எங்களுடையது 31 சென்டிமீட்டர். அவர்களுடையது 29. நடுவர் ஒரு நிமிடம் தம்பியின் முகத்தைப் பார்த்துத் தயங்கினார். அவன் கட்டைவிரலை டேப்பிலிருந்து எடுக்காமல், குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். ‘அவுங்களுக்கு’ என்றான். எழுந்து போய் அந்தப் பையனுக்குக் கை கொடுத்தான். அவனுடைய அப்பாவுக்கும் கொடுத்தான். எனக்குக் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை. முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை எல்லாம் போயிற்று. சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறும்போது ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

‘யக்கா, நீ எறிஞ்ச. உருட்டணும்.’

‘ஆமால, தப்புதான்.’

‘நாளைக்கு வா. அம்பது தடவ உருட்டு.’